பாறைகளின் வயதும் பிரசங்கபீடத்தின் உண்மையும்: ஒரு திறனாய்வு

உலகம் படைக்கப்பட்டு ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுகளே ஆயின என்றும், பாறைகளுக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் வயது கூறும் விஞ்ஞான முறைகள் வெறும் யூகங்களே என்றும் வாதிடும் நூல்கள் கடந்த அறுபது ஆண்டுகளாக ஆங்கிலத்தில் பெருகியுள்ளன. அவற்றின் கருத்துக்கள் மொழிபெயர்ப்புகளாகவும், கைப்பிரதிகளாகவும், அருளுரைகளாகவும் நம் சபைகளையும் எட்டியுள்ளன. கல்லூரியில் இயற்பியலோ நிலவியலோ பயிலும் சபை இளைஞர் ஒருவர், இவை உண்மைதாமா என்று தம் ஆயரைக் கேட்பாராயின், ஆயர் என்ன விடை பகர்வார்? விசுவாசத்திற்குரிய காரியங்களில் ஆராய்ச்சி தேவையில்லை என்று கேள்வியைத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் கேள்வியோடு கேட்டவரும் தள்ளப்பட்டுப் போகிறார். ஆகவே இப்பொருளைப் பற்றி அருட்பணியாளர் தாமே ஓரளவு அறிந்திருப்பது இன்றியமையாதது.

இவ்வகை நூல்களுள் பெருமுயற்சியோடு உருவான ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் வாதங்களைச் சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எதிர்த்தரப்பின் நலிந்த வாதத்தைத் தேர்ந்து அதனை வீழ்த்துவது திறனாய்வு ஆகாது. அதன் வலிமை மிக்க வாதத்தையே நாம் எதிர்கொள்ள வேண்டும்.

1. நூலும் அதன் பின்னணியும்

1961-ஆம் ஆண்டில் ஜான் விட்கம், ஹென்றி மாரிஸ் ஆகிய இருவரும் 'ஆதியாகம ஜலப்பிரளயம்' என்னும் பொருள்படும் ஆங்கில நூலை வெளியிட்டனர். விட்கம் பழைய ஏற்பாட்டு ஆசிரியர். மாரிஸ் நீரியல் பொறியாளர். இன்றைய 'இளம்பூமிக்' கொள்கையின் எழுச்சிக்கு இந்நூலே பெருங்காரணமாயிற்று. பின்னர் மாரிஸ் நிறுவிய படைப்பு ஆராய்ச்சி நிறுவனம், படைப்பு ஆராய்ச்சிச் சங்கத்தோடு இணைந்து, 1997-இல் 'ரேட்' என்னும் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. கதிரியக்கத் தனிமங்களின் துணையால் பூமியின் வயதைக் கணிக்கும் முறைகளை இளம்பூமிக் கொள்கையின் நோக்கில் ஆராய்வதே அதன் பணி. எட்டாண்டுகள் நடைபெற்ற அவ்வாய்வின் முடிவுகள் 2000, 2005 ஆகிய ஆண்டுகளில் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றைப் பொதுவாசகர் அறியும் வண்ணம் டான் டியங் என்னும் இயற்பியல் பேராசிரியர் சுருக்கி எழுதி 2005-இல் வெளியிட்ட நூலே 'தவுசண்ட்ஸ் நாட் பில்லியன்ஸ்'. பூமியின் வயது ஆயிரங்களில் எண்ணப்படுவதேயன்றி நூறு கோடிகளில் அன்று என்பது தலைப்பின் கருத்து.

இக்குழுவினர் அறிவியலில் முறையான பயிற்சி பெற்றவர்கள். பாறை மாதிரிகளைத் தாமே சேகரித்தனர். அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பி அளவைகளைப் பெற்றனர். கைப்பிரதிகளில் காணப்படும் மேம்போக்கான கேலி இந்நூலில் இல்லை. இதனை முதற்கண் ஏற்றுக்கொள்வது நம் கடமை.

2. பாறையின் வயது எவ்வாறு கணிக்கப்படுகிறது?

நூலின் வாதங்களை மதிப்பிடுமுன், அது மறுக்க முற்படும் முறையை அறிதல் வேண்டும். சில தனிமங்களின் அணுக்கள் நிலையற்றவை; தாமாகவே சிதைந்து வேறு தனிமங்களாக மாறுகின்றன. குறிப்பிட்ட ஓர் அணு எப்போது சிதையும் என்று எவராலும் கூறவியலாது. ஆனால் கோடானுகோடி அணுக்களில் பாதி சிதைய எவ்வளவு காலமாகும் என்பது துல்லியமாக அளக்கப்பட்டுள்ளது. இக்காலமே அரையாயுள் எனப்படும். யுரேனியம்-238 ஈயம்-206 ஆக மாறுவதன் அரையாயுள் ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள். யுரேனியம்-235 ஈயம்-207 ஆக மாறுவதன் அரையாயுள் ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகள். பொட்டாசியம்-40-இன் அரையாயுள் ஏறத்தாழ 125 கோடி ஆண்டுகள். இவற்றுக்கு மாறாக, கார்பன்-14-இன் அரையாயுள் 5,730 ஆண்டுகளே. ஆதலால் மரம், எலும்பு, துணி போன்றவற்றின் வயதை ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரை அறியவே கார்பன் முறை பயன்படும். 'கார்பன் முறையால் பாறைக்குக் கோடி ஆண்டு வயது கூறுகிறார்கள்' என்று மேடைகளில் சொல்லப்படும் கூற்று, கூறுபவர் இம்முறையை அறியாதவர் என்பதையே காட்டுகிறது.

உருகிய பாறைக்குழம்பு குளிர்ந்து படிகங்களாக இறுகும் கணத்திலிருந்து இக்கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. பொட்டாசியம்-40 சிதையும்போது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆர்கான் என்னும் வாயுவாகிறது. பாறை குழம்பாயிருக்கையில் இவ்வாயு பெரும்பாலும் வெளியேறிவிடும். பாறை இறுகிய பின் அது படிகத்திற்குள் அடைபட்டுச் சேரும். சேர்ந்துள்ள ஆர்கானையும் எஞ்சியுள்ள பொட்டாசியத்தையும் அளந்தால் பாறை இறுகிய காலம் புலப்படும். மணலும் வண்டலும் படிந்து உருவான பாறைகளுக்கு இம்முறை பெரும்பாலும் நேரடியாகப் பொருந்தாது. அவற்றின் மேலும் கீழும் காணப்படும் எரிமலைச் சாம்பல் அடுக்குகளின் வயதை அறிந்து, இடைப்பட்ட படிவின் காலத்தை வரையறுக்கின்றனர்.

இம்முறையின் வரலாறு ஒரு நூற்றாண்டிற்கும் மேற்பட்டது. 1907-இல் பெர்ட்ரம் போல்ட்வுட் என்னும் அமெரிக்க வேதியியலாளர் யுரேனியமும் ஈயமும் உள்ள கனிமங்களை ஆராய்ந்து, 41 கோடி முதல் 220 கோடி ஆண்டுகள் வரை வயது கணித்தார். 1956-இல் கிளேர் பேட்டர்சன், விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து, பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்றும், பிழை எல்லை ஏழு கோடி என்றும் வெளியிட்டார். அதன்பின் கருவிகள் பன்மடங்கு நுட்பமடைந்தும் அம்முடிவு பெரிதும் மாறவில்லை. இன்று கூறப்படுவது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள்.

3. 'முன்னனுமானங்கள்' என்னும் குற்றச்சாட்டு

இம்முறை மூன்று அனுமானங்களின்மேல் கட்டப்பட்டது என்பது இளம்பூமிக் கொள்கையினரின் பொதுவான குற்றச்சாட்டு. தொடக்கத்தில் எவ்வளவு சேய்த்தனிமம் இருந்தது என்பது தெரியாது. இடையில் எதுவும் உட்புகவோ வெளியேறவோ இல்லை என்பதற்கு உறுதியில்லை. சிதைவின் வேகம் என்றும் ஒரேயளவாயிருந்தது என்பதற்குச் சான்றில்லை. இவை நியாயமான கேள்விகளே. ஆயின் இவற்றை முதலில் கேட்டவர்கள் நிலவியலாளர்களே என்பதையும், அவற்றிற்கு விடை காணவே பல முறைகள் வகுக்கப்பட்டன என்பதையும் இக்குற்றச்சாட்டை எழுப்புவோர் பெரும்பாலும் சொல்வதில்லை.

சிர்க்கான் என்னும் சிறு படிகத்தை எடுத்துக்கொள்வோம். அது உருவாகும்போது யுரேனியத்தைத் தன் கட்டமைப்பில் ஏற்கும். ஈயத்தை ஏற்க மறுக்கும். ஆகவே அதற்குள் காணப்படும் ஈயம் ஏறத்தாழ முழுவதும் சிதைவினால் வந்ததே. மேலும் ஒரே படிகத்திற்குள் இருவகை யுரேனியம் இருவேறு வேகங்களில் சிதைகின்றன. ஈயம் கசிந்திருந்தால் இவ்விரு கடிகாரங்களும் ஒன்றுக்கொன்று முரண்பட்டு அக்கசிவைக் காட்டிக்கொடுக்கும். அத்தகைய நிலையிலும் பலவேளைகளில் உண்மை வயதை மீட்டெடுக்கும் வழியை 1956-இல் ஜார்ஜ் வெதரில் காட்டினார்.

ருபீடியம், ஸ்ட்ரான்சியம் ஆகியவற்றைக் கொண்டு செய்யப்படும் கணிப்பில் தொடக்க அளவை அனுமானிக்கவே தேவையில்லை. ஒரே பாறையிலுள்ள பல கனிமங்களைத் தனித்தனியே அளந்து வரைபடத்தில் குறிக்கின்றனர். அவை யாவும் ஒரே காலத்தில் தோன்றிக் கலையாதிருந்தால் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் அமையும். கோட்டின் சாய்வு வயதைக் கூறும்; அது தொடங்கும் இடம் தொடக்க அளவைக் கூறும். பாறை இடையில் பாதிக்கப்பட்டிருந்தால் புள்ளிகள் பெரும்பாலும் சிதறும். இரண்டு மூன்று சாட்சிகளின் வாக்கினாலே காரியம் உறுதிப்படவேண்டும் என்னும் உபாகமம் 19:15-இன் நெறியை அறிந்த நமக்கு இம்முறையின் நேர்மை விளங்காமற் போகாது.

தவறுகள் நேரவில்லையா? நேர்ந்தன. போல்ட்வுட் 1907-இல் கூறிய வயதுகளுள் மிகப் பெரியதான 220 கோடி, இலங்கையிற் கிடைத்த தோரியனைட் என்னும் கனிமத்திற்கு உரியது. தோரியமும் சிதைந்து இறுதியில் ஈயமாகிறது என்பது அப்போது நிறுவப்படவில்லை. ஆதலால் தோரியத்தால் வந்த ஈயமும் யுரேனியத்தின் கணக்கிலே சேர்ந்து வயது மிகைப்பட்டது. இலங்கையின் அத்தகைய கனிமங்கள் ஏறத்தாழ 50 முதல் 55 கோடி ஆண்டுகள் பழைமையானவை என்பதே இன்றைய முடிவு. தோரியத்தின் இயல்பு அறியப்பட்டதும் கணக்கு திருத்தப்பட்டது. திருத்தம் ஏற்கும் முறையை 'யூகம்' என்று இகழ்வது முறையன்று.

மிகுதியாகச் சுட்டப்படும் இன்னோர் எடுத்துக்காட்டு ஹவாய்த் தீவின் குவாலலாய் எரிமலையைப் பற்றியது. 1800-1801-இல் வழிந்த எரிமலைக்குழம்புக்கு விஞ்ஞானிகள் 16 கோடி முதல் 300 கோடி ஆண்டுகள் வரை வயது கூறினர் என்று கைப்பிரதிகள் பரிகசிக்கும். 1968-இல் வெளிவந்த மூல ஆய்வைப் படித்தால் உண்மை வேறாயிருக்கிறது. ஆய்வாளர் ஃபங்க்ஹவுசரும் நாட்டனும் அளந்தது குழம்பை அன்று. பூமியின் ஆழத்திலிருந்து குழம்பு உருகாமல் அள்ளிக்கொண்டு வந்த அயற்பாறைத் துண்டுகளையே. அத்துண்டுகளிலுள்ள வாயு, குழம்பு வழிந்த நாளைக் காட்டாது என்பதே அவ்வாய்வின் பயன். ஓர் எச்சரிக்கையாக எழுதப்பட்டதை ஒப்புதல் வாக்குமூலமாகத் திரித்துக் கூறுவது எவ்வகையில் நேர்மையாகும்? 1969-இல் பிரென்ட் டால்ரிம்பிள், வரலாற்றுக் காலத்தில் வழிந்த 26 எரிமலைக்குழம்புகளை அளந்து, அவற்றுள் 18-இல் கணிப்பைப் பிறழச்செய்யும் ஆர்கான் மிகையோ குறையோ இல்லை என்றும், குவாலலாய்க் குழம்பு உள்ளிட்ட சிலவற்றில் மிகை ஆர்கான் உண்டு என்றும் மறைக்காமல் வெளியிட்டார்.

இதற்கு எதிரிடையான சான்று ஒன்றைத் திருச்சபை வரலாறு பயில்வோர் விரும்பி வாசிப்பர். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்துப் பொம்பெயி நகரைப் புதைத்ததை நேரில் கண்டு எழுதியவர் இளைய பிளினி. பிற்காலத்தில் பித்தினியாவின் ஆளுநராயிருந்து, கிறிஸ்தவர்களைக் குறித்து டிராஜன் பேரரசனுக்கு எழுதியவரும் இவரே. 1997-இல் பால் ரென்னியும் அவர்தம் குழுவினரும் அவ்வெடிப்பின் படிவிலிருந்து எடுத்த படிகங்களை ஆர்கான் முறையால் அளந்தனர். கிடைத்த வயது 1,925 ஆண்டுகள். பிழை எல்லை 94 ஆண்டுகள். உண்மையான காலம் 1,918 ஆண்டுகள். கோடி ஆண்டுகளை அளக்கும் கடிகாரம் பிளினியின் மடலோடு ஒத்துப்போயிற்று.

4. நூல் முன்வைக்கும் சான்றுகள்

இனி, டியங்கின் நூல் தன் கொள்கைக்கு ஆதரவாகக் காட்டும் சான்றுகளுள் முதன்மையான மூன்றைக் காண்போம்.

முதலாவது, நிலக்கரியிலும் வைரத்திலும் சிறிதளவு கார்பன்-14 காணப்படுகிறது என்பது. கோடி ஆண்டுப் பழைமையான பொருளில் அது எஞ்சியிருக்க இயலாது என்பர். அளவை உண்மையே. ஆனால் கிடைத்த அளவு, கருவி அளக்கக்கூடிய எல்லையின் விளிம்பில் நிற்பது. மாதிரியைத் தயாரிக்கும்போதும் கருவிக்குள்ளேயும் இன்றைய கார்பன் மிகச் சிறிதளவு கலந்துவிடுகிறது. 2007-இல் டெய்லர், சவுத்தன் ஆகியோர், கருவியின் இப்பின்னணி அளவை அறியவே வைரங்களைப் பயன்படுத்தினர். மேலும் அவ்வளவுகளை அப்படியே ஏற்றாலும் கிடைப்பது ஏறக்குறைய 50,000 ஆண்டுகள்; ஆறாயிரம் அன்று. இவ்விடைவெளியை நிரப்ப நூலாசிரியர் மேலும் சில அனுமானங்களைச் சேர்க்க வேண்டியதாகிறது.

இரண்டாவது, நியூ மெக்சிகோவின் ஃபென்டன் ஹில் என்னுமிடத்தில் ஆழத்துளையிட்டு எடுத்த சிர்க்கான்களில் ஹீலியம் வாயு எதிர்பார்த்ததைவிட மிகுதியாக எஞ்சியிருப்பது. வாயு வெளியேறும் வேகத்தைக் கணக்கிட்டு, ரசல் ஹம்ஃப்ரீஸ் அவற்றின் வயது 6,000 ஆண்டுகள், பிழை எல்லை 2,000 ஆண்டுகள் என்றார். வாயு படிகத்திலிருந்து கசியும் வேகம் வெப்பநிலையைப் பெரிதும் பொறுத்தது. சிறிது வெப்பம் மாறினாலும் வேகம் பன்மடங்கு மாறும். ஆயினும் இக்கணிப்பு, பாறையின் வெப்பநிலை தொடக்கமுதல் இன்றுவரை மாறவில்லை என்று கொள்கிறது. ஆழ்நிலத்தின் வெப்பம் காலந்தோறும் மாறுவது நிலவியல் அறிந்த உண்மை. கதிரியக்கச் சிதைவோ பூமியில் நிலவும் வெப்பத்தினாலும் அழுத்தத்தினாலும் குறிப்பிடத்தக்க மாற்றம் அடைவதில்லை. மாறக்கூடியதை மாறாதது என்றும், மாறாததை மாறியது என்றும் கொள்ளும் ஒரு வாதத்தின்மேல் எவ்வளவு பாரத்தை ஏற்றலாம் என்பதை வாசகரே முடிவு செய்யட்டும்.

மூன்றாவது, அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் உள்ள பாஸ் ராப்பிட்ஸ் பாறையை நான்கு முறைகளால் அளந்தபோது நான்கு வயதுகள் கிடைத்தன என்பது. அவை ஏறத்தாழ 84 கோடி முதல் 138 கோடி ஆண்டுகள் வரை வேறுபட்டன. ஆகவே முறைகள் நம்பத்தகாதவை என்கிறது நூல். வேறுபாடு உண்டு, பழம்பாறை பின்னாளில் சூடேறியிருந்தால் ஆர்கான் எளிதில் வெளியேறும் என்பதால், பொட்டாசியம் முறை மிகக் குறைந்த வயதைக் காட்டியதும் வியப்பன்று. நான்கு சாட்சிகளுள் மிகக் குறைத்துச் சொல்பவனும் 84 கோடி என்கிறான். ஆறாயிரம் என்னும் எண்ணை அடைய இதனை ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தால் வகுக்க வேண்டும். ஒரு குற்றம் மாலை ஐந்து மணிக்கு நடந்ததா, எட்டு மணிக்கா என்று சாட்சிகள் மாறுபட்டால், குற்றமே நிகழவில்லை என்று எந்த நீதிபதியும் தீர்ப்பளிப்பதில்லை.

5. நூலின் ஒப்புதல்

இந்நூலின் மிக முக்கியமான பகுதி, கைப்பிரதிகள் ஒருபோதும் எடுத்துரைக்காத பகுதியாகும். பாறைகளை நேரில் ஆராய்ந்த ரேட் குழுவினர், இன்றைய வேகத்தில் நடந்தால் 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகக்கூடிய கதிரியக்கச் சிதைவு உண்மையாகவே நிகழ்ந்துள்ளது என்று ஒப்புக்கொள்கின்றனர். சேய்த்தனிமங்கள் தொடக்கத்திலேயே இருந்தன என்றோ, எல்லாம் கலப்படம் என்றோ கூறி அவர்களால் தப்பிக்க இயலவில்லை. எனவே அவர்கள் சொல்லும் விளக்கம் இதுவே: படைப்பின் தொடக்க நாட்களிலும், நோவாவின் பிரளய ஆண்டிலும், கடவுள் சிதைவின் வேகத்தைக் கோடிக்கணக்கான மடங்கு விரைவுபடுத்தினார்.

இவ்விளக்கத்தின் விளைவையும் அவர்களே எடுத்துரைக்கின்றனர். கதிரியக்கச் சிதைவு வெப்பத்தைத் தருவது. பல கோடி ஆண்டுகளில் மெல்ல வெளிப்பட வேண்டிய வெப்பம் ஒரே ஆண்டில் வெளிப்பட்டால் பாறைகள் உருகிப்போகும். கடல்கள் கொதித்து ஆவியாகும். அண்டம் விரிவடைந்ததால் அவ்வெப்பம் தணிந்தது என்னும் கருத்தை ஹம்ஃப்ரீஸ் முன்வைத்தார். ஆயினும் வெப்பமும் கதிர்வீச்சும் தீர்க்கப்படாத சிக்கல்கள் என்பதைக் குழுவினர் ஏற்கின்றனர். பேழைக்குள் இருந்தோரின் உடலிலேயே பொட்டாசியம்-40 இருந்ததை மறக்கலாகாது. இன்று ஒரு மனித உடலில் வினாடிக்கு ஏறத்தாழ 4,000 பொட்டாசியம் அணுக்கள் சிதைகின்றன, இதனால் தீங்கில்லை. இதனைக் கோடிக்கணக்கான மடங்காகப் பெருக்கினால் நோவாவும் அவன் வீட்டாரும் எவ்வாறு பிழைத்திருப்பர்? அமெரிக்கக் கிறிஸ்தவ விஞ்ஞானிகளின் சங்கத்தைச் சேர்ந்த ராண்டி ஐசக் 2007-இல் எழுதிய மதிப்புரையிலும் இக்குறைபாடு எடுத்துக்காட்டப்பட்டது.

சிதைவின் வேகம் மாறியதற்கு வானமும் பூமியும் சாட்சி பகரவில்லை. 1987-இல் பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்தது காணப்பட்டது. அது ஏறத்தாழ 1,68,000 ஒளியாண்டுகள் தொலைவில் உள்ளது. அதன் ஒளி மங்கிய விதம், 77 நாள் அரையாயுள் உடைய கோபால்ட்-56 சிதைவதோடு பொருந்தியது. நம் ஆய்வுக்கூடங்களிலும் அதே 77 நாட்கள்தாம். கதிரியக்கத்தோடு தொடர்பற்ற சாட்சியும் உண்டு. கடலேற்ற இறக்கத்தின் உராய்வினால் பூமியின் சுழற்சி மெல்லக் குறைந்து வருவதால், பழங்காலத்தில் ஓர் ஆண்டில் நாட்களின் எண்ணிக்கை மிகுதியாயிருந்திருக்க வேண்டும். 1963-இல் ஜான் வெல்ஸ், கதிரியக்க முறையால் ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகள் எனக் கணிக்கப்பட்ட பவளப் புதைபடிவங்களின் அன்றாட வளர்ச்சிக் கோடுகளை எண்ணினார். ஆண்டிற்கு ஏறத்தாழ 400 கோடுகள் காணப்பட்டன. வானியலார் எதிர்பார்த்ததும் ஏறக்குறைய அதுவே. அணுவும் கடலும் பவளமும் தம்முள் கலந்து பேசிச் சதி செய்யவில்லை.

6. இறையியல் நோக்கில்

இதுவரை கூறியவை அறிவியல் பற்றியவை. நமக்கு இதனினும் முக்கியமானது, இந்நூல் கடவுளைப் பற்றி என்ன சொல்கிறது என்பதே.

1857-இல் பிலிப் காஸ் என்னும் இயற்கையியலாளர், 'ஆம்ஃபலஸ்' என்னும் நூலில், கடவுள் உலகைப் பழைமைத் தோற்றத்தோடு படைத்தார் என்று எழுதினார். ஆங்கிலத் திருச்சபைக் குருவும் அவருடைய நண்பருமான சார்ல்ஸ் கிங்ஸ்லி அதனை ஏற்க மறுத்தார். கடவுள் பாறைகளின்மேல் பொய் எழுதுவார் என்று தம்மால் நம்பவியலாது என்பதே அவர் காட்டிய காரணம். ரேட் குழுவின் விளக்கம் காஸின் கருத்திற்கு வேறு ஆடை உடுத்தியதேயாகும். நிகழாத கோடி ஆண்டுகளை நிகழ்ந்தனபோல் காட்டும்படி கடவுள் இயற்கையின் ஒழுங்கை மாற்றினார், பின்னர் மாற்றிய சுவடு தெரியாமல் மறைத்தார், அதில் எழுந்த வெப்பத்தையும் மற்றோர் அற்புதத்தால் நீக்கினார் என்று திருமறையில் எங்கும் கூறப்படவில்லை. எழுத்துக்கு எழுத்து வேதத்தைக் காப்பதாகக் கூறும் கொள்கை, வேதத்தில் இல்லாத அற்புதங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கிறது.

எரேமியா 33:25-26-இல், தாவீதின் சந்ததிக்கு அளித்த வாக்குறுதி பொய்க்காது என்பதற்கு, பகலுக்கும் இரவுக்கும் வானத்திற்கும் பூமிக்கும் கடவுள் நியமித்த ஒழுங்கின் உறுதியே ஈடாகக் காட்டப்படுகிறது. அவ்வொழுங்கு நம்பத்தகாதது என்று நிறுவப் பாடுபடுவோர், அறியாமலே அவ்வாக்குறுதியின் அடித்தளத்தையும் அசைக்கின்றனர். படைப்பில் கடவுள் உண்மையுள்ளவரல்லர் என்றால், உடன்படிக்கையில் அவர் உண்மையுள்ளவர் என்று நாம் எவ்வாறு பிரசங்கிப்போம்?

மறுபுறத்திலும் ஓர் எச்சரிக்கை தேவை. ஆதியாகமத்தின் ஒரு நாள் ஒரு யுகத்தைக் குறிக்கும் என்றும், ஆண்டவருக்கு ஒரு நாள் ஆயிரம் ஆண்டுபோல் என்னும் கருத்தைக் கணக்குச் சூத்திரமாகக் கொள்ளலாம் என்றும் கூறி, திருமறையை நிலவியலோடு இழுத்துப் பொருத்துவதும் தவறே. 2 பேதுரு 3:8 இறைவனின் பொறுமையைப் பற்றிப் பேசுகிறது. அரையாயுளைப் பற்றிப் பேசவில்லை. ஆதியாகமம் முதலாம் அதிகாரம், சூரியனையும் சந்திரனையும் தெய்வங்களாக வணங்கிய மக்களிடையே, அவற்றின் பெயரைக்கூடச் சொல்லாமல், அவை கடவுள் ஏற்றிய இரு சுடர்களே என்று அறிவித்தது. அவ்வறிக்கையின் ஆற்றல் பூமியின் வயது ஆறாயிரமானாலும் 454 கோடியானாலும் குன்றுவதில்லை. அதுபோலவே, வயது 454 கோடி என்று அளந்துவிட்டதால் படைத்தவர் இல்லை என்று நிறுவியதாக எண்ணும் விஞ்ஞானியும் தம் கருவி அளக்காததைப் பேசுகிறார்.

7. அருட்பணியாளரின் பொறுப்பு

இளம்பூமிக் கொள்கையை ஏற்கும் விசுவாசிகள் நம் சபைகளில் உள்ளனர். அவர்களுடைய பக்தியையும் வேதத்தின்மேல் கொண்ட அன்பையும் நாம் இழிவாக எண்ணலாகாது. ஆனால் பிரசங்கபீடத்தில் ஏறுபவருக்கு வேறொரு கடமை உண்டு. தாம் சரிபார்க்காத குற்றச்சாட்டைப் பிறர்மேல் சுமத்துவது, அவர் விஞ்ஞானியானாலும், ஒன்பதாம் கட்டளையை மீறுவதாகும். குவாலலாய் எரிமலையைப் பற்றிய கதையைக் கூறி ஆய்வாளரைப் பரிகசிக்கும் போதகர், கடவுளுக்காகப் பேசுவதாகவே எண்ணுகிறார். கடவுளின் சார்பில் நேர்மையற்ற வாதங்களை அடுக்கிய நண்பர்களை யோபு கடிந்துகொண்டதையும், முடிவில் கடவுள் சினங்கொண்டது யோபின்மேல் அன்று, அந்நண்பர்கள்மேலே என்பதையும் (யோபு 13:7-10; 42:7) இங்கே நினைவுகூர்வது நலம். வானையும் பூமியையும் பற்றி நன்கறிந்த புறமதத்தார் முன்னிலையில், கிறிஸ்தவன் வேதத்தின் பெயரால் அறியாமையைப் பேசினால், உயிர்த்தெழுதலைப் பற்றி அவ்வேதம் கூறுவதை அவர்கள் எவ்வாறு நம்புவர் என்று அகஸ்டின் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எச்சரித்தார்.

இதனை நம்மில் சிலர் கிறிஸ்தவத்திற்குப் புறம்பானோரின் கருத்து என்று எண்ணலாம். 1950-இலேயே பிரளய நிலவியலின் பிழைகளை விரிவாக எடுத்துக்காட்டியவர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்பன் கணிப்பு ஆய்வுக்கூடத்தை நடத்திய லாரன்ஸ் கல்ப் என்னும் சுவிசேஷக் கிறிஸ்தவர். கதிரியக்கக் கணிப்பு முறைகளைச் சபையாருக்காக எளிய நடையில் விளக்கி 1994-இல் எழுதி, 2002-இல் திருத்தி வெளியிட்ட ரோஜர் வீன்ஸும் கிறிஸ்தவ இயற்பியலாளரே. இவர்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு கடவுளையும் ஆலயத்தில் வேறொரு கடவுளையும் வணங்கியவர்கள் அல்லர்.

சென்னையில் தோமா அப்போஸ்தலரின் பெயரோடு இணைந்த பரங்கிமலையும் அதனையடுத்த பல்லாவரம் குன்றுகளும் சார்னோக்கைட் என்னும் பாறையால் ஆனவை. கல்கத்தா தூய யோவான் ஆலய வளாகத்திலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வகையைச் சேர்ந்ததாதலால், 1893-இல் தாமஸ் ஹாலந்து அதற்கு இப்பெயரிட்டார். அப்பாறையின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். அம்மலையின்மேல் நின்று செபிப்பவரின் விசுவாசம் இவ்வெண்ணால் குறைய வேண்டியதில்லை. மலைகள் பிறப்பதற்கு முன்னரே இருக்கிறவராகத் திருப்பாடகன் அறிக்கையிடும் கடவுளின் நித்தியத்தை (சங்கீதம் 90) அவர் இன்னும் ஆழமாக உணரலாம்.

டியங்கின் நூலைப் போதகர்களும் இறையியல் மாணவர்களும் படிக்கலாம். அதன் சான்றுகளோடு அதன் ஒப்புதலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சபை இளைஞர் வந்து பாறைகளின் வயதைப் பற்றிக் கேட்கும் நாளில், அளக்கப்பட்டதை அளக்கப்பட்டது என்றும், அறிக்கையிடப்படுவதை அறிக்கை என்றும் நாம் வேறுபடுத்திச் சொல்லக் கற்றிருப்போமாக.